குண்டானின் உட்சுவர்

வடிதாள் வெள்ளையாகவே இருந்தது.

மூக்கி முதலில் அதைக் கவனிக்கவில்லை. புனலுக்குக் கீழே இருந்த குடுவையிலேயே அவள் கண் இருந்தது. குண்டானிலிருந்து இறக்கிய எண்ணெய் அதில் சொட்டுச் சொட்டாக இறங்கி, அடியில் பளிங்கு மாதிரி சேர்ந்துகொண்டிருந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தாள். சரியாக வந்த எண்ணெய்க்கு வாசனை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. மழை விட்ட பிறகு ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்தால் வருமே, அவ்வளவுதான். அரைகுறையாக வந்ததென்றால் மீனும் மெழுகுவர்த்தியும் கலந்த ஒரு வாடை அடிக்கும். கருவிகள் சொல்வதற்கு முன்னால் அவள் சொல்லிவிடுவாள் என்பதால்தான் அண்ணன் அவளுக்கு மூக்கி என்று பெயர் வைத்தான். வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது மீட்டர் பார்க்க வருகிறவர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

"நல்லா வந்திருக்கு," என்று தனக்கே சொல்லிக்கொண்டு புனலைத் தூக்கியவள், வடிதாளைக் குப்பைக் கூடையில் போடப் போனாள். அப்போதுதான் கை நின்றது.

எப்போதும் தாளில் கருப்பாக ஒரு சேறு தங்கும். அண்ணியின் பொடி அது. எண்ணெய் இறங்கிவிடும், பொடி தாளிலேயே நிற்கும். இன்று தாளில் ஒன்றுமில்லை. துவைத்து மடித்த கைக்குட்டை மாதிரி இருந்தது.

மேசையைத் திரும்பிப் பார்த்தாள். கையுறைப் பெட்டிக்குப் பின்னால், சிவப்பு மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பி, காலையில் அண்ணி வைத்த இடத்திலேயே, நிறையப் பொடியோடு நின்றுகொண்டிருந்தது.

பொடியைப் போட மறந்ததுகூடப் பரவாயில்லை. போடாமலேயே எண்ணெய் வந்துவிட்டதே.

அண்ணி வேதியியல் படித்துப் பெரிய இடத்தில் வேலை பார்த்தவள். அதை விட்டுவிட்டு, பேட்டரிக் கடைக்கும் அட்டைப்பெட்டி செய்கிற இடத்துக்கும் நடுவில் இருந்த இந்தத் தகரக் கொட்டகையைப் பிடித்து, மாடியில் குடும்பத்தையும் கீழே குண்டானையும் வைத்தாள். அது அழுத்தத்தையும் சூட்டையும் தாங்குகிற எஃகுக் கலன். அண்ணன்தான் அதைப் பார்த்த அன்றே குண்டான் என்றான். கொட்டகைக்குப் பின்னால் நீள நீளமான தொட்டிகளில் அவன் நுண்பாசி வளர்த்தான். தனித்தனியாகக் கண்ணுக்கே தெரியாத பாசி, கோடிக்கணக்கில் சேர்ந்துதான் தண்ணீரைப் பச்சையாக்கும். அதை வடித்து, உலர்த்தி, பிழிந்தால் கெட்டியாக ஒரு கொழுப்பு வரும். அதன் நாற்றம் தெருவையே கூட்டும்.

அந்தக் கொழுப்பை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. குண்டானில் ஊற்றி, ஹைட்ரஜன் ஏற்றி, நன்றாகச் சூடாக்கி, அண்ணியின் கருப்புப் பொடியைச் சேர்த்தால், பொடியில் உள்ள நிக்கல் கொழுப்பின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் வேண்டாத தலையை மட்டும் நறுக்கிவிடும். வினையூக்கி என்பது அவ்வளவுதான். அது நறுக்குமே தவிரத் தான் அதில் சேராது, தீரவும் தீராது. மிச்சமாக வருவதுதான் இந்தத் தெளிந்த எண்ணெய். பெயிண்ட், பிளாஸ்டிக், பசை, எது செய்யவும் இதுதான் முதல் சரக்கு. இதுவரை அதைப் பூமியைத் துளைத்துத்தான் எடுத்தார்கள்.

பார்க்க வருகிறவர்களுக்காக அண்ணி அலமாரியில் இரண்டு பாட்டில் வைத்திருந்தாள். ஒன்றில் தண்ணீர் மாதிரி எண்ணெய். இன்னொன்றில் வெள்ளையாக உறைந்த கட்டி. குண்டான் புதிதாக வந்த நாட்களில் பொடி போடாமல் வேண்டுமென்றே செய்து பார்த்தது அது. ஆறினதும் மெழுகாகிவிட்டது. "பொடி போடலேன்னா இது, போட்டா இது," என்று அண்ணி இரண்டு கையிலும் இரண்டையும் தூக்கிக் காட்டுவாள். அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு தேவைப்பட்டதில்லை.

இப்போது மூக்கியின் கையில் இருந்தது மூன்றாவது. பொடியும் போடவில்லை, மெழுகும் ஆகவில்லை.

எப்படி மறந்தாள் என்பதில் ஒரு மர்மமும் இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணி பொடியை நிறுத்துக் குப்பியில் கொடுப்பாள். இந்தப் பக்கம் மூக்கி குண்டானில் கொட்டி மூடியை முடுக்குவாள். பிறகு அண்ணி தலையைத் தூக்காமலே "போட்டாச்சா?" என்பாள். "போட்டாச்சு," என்று இவள் சொன்ன பிறகுதான் ஹைட்ரஜன் குழாய் திறக்கும். அன்று காலை இவள் மூடியைத் தூக்கிய நேரத்தில் அண்ணன் வாசலில் வந்து நின்றான். தொட்டியில் வழுக்கி விழுந்து, தலைமுடியிலிருந்து செருப்பு வரை பச்சைப் பசேலென்று.

"சிரிக்காதே. கண்ணுக்குள்ள போயிருச்சு, முளைச்சிடப் போகுது," என்றான்.

"முளைக்கட்டும்ணா. பிழிஞ்சா அரை லிட்டராவது வரும்."

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து "போட்டாச்சா?" என்று குரல் வந்தபோது, வாய் பழக்கத்தில் "போட்டாச்சு" என்றது.

இன்னும் சில நாளில், வெள்ளிக்கிழமை, பெயிண்ட் கம்பெனி இன்ஜினியர் வருகிறார். நெடுநெடுவென்று மெலிந்த மனிதர். அண்ணன் அவருக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்திருந்தான். அவர் கண்ணெதிரே ஒரு முறை செய்து காட்டிவிட்டால் போதும். அண்ணியின் பொடியை எடுத்துக்கொண்டு, தங்கள் இடத்தில் இதைவிடப் பல மடங்கு பெரிய புத்தம்புதிய கலன் ஒன்றைக் கட்டப்போகிறார்கள். பொடிக்கு அண்ணியின் பெயர். அந்த ஒரு நாளைக்காகத்தான் அண்ணி தலை நரைத்ததைக்கூடப் பார்க்காமல் உழைத்திருக்கிறாள்.

புத்தம்புதிய கலன். மூக்கி அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். எண்ணெயை உண்டாக்குவது பொடியா, இந்தப் பழைய குண்டானா?

மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். வாங்கியபோது வெள்ளிபோல இருந்த உட்சுவர், பழைய கெட்டிலின் உள்பக்கம் மாதிரி மங்கிக் கறுத்திருந்தது. கறை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். சுவரைச் சுரண்டக் கூடாது, கீறல் விழும் என்பது அண்ணியின் சட்டம். அதனால் ஒவ்வொரு முறையும் கரைப்பான் ஊற்றி அலசி, துணியால் ஒற்றி எடுப்பதோடு சரி. சூடான கொழுப்பு அமிலம் பொடியிலிருந்து துளித்துளி நிக்கலைக் கரைத்துச் சுவரில் பூசியிருந்தால்? இத்தனை வருஷமாக, பூச்சின் மேல் பூச்சாக?

அப்படியானால் பெயிண்ட்காரரின் புதுக் கலனில் பளபளக்கிற சுவர்தான் இருக்கும். எண்ணெய் வராது. மெழுகு வரும். கம்பெனி கம்பெனியாக அண்ணியின் பெயர் நாறும்.

*

மறுநாள் அண்ணி பல் பிடுங்கப் போயிருந்தாள். முதல் நாள் நடந்தது மறதி. இன்று மூக்கி செய்தது மறதி இல்லை. கைகள் தாமாக வேலை செய்வதை யாரோ ஒருத்தியின் கைகள்போலப் பார்த்துக்கொண்டு, கொழுப்பை ஊற்றினாள், மூடியை முடுக்கினாள், இடுக்குகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்தாள். அண்ணி நிறுத்து வைத்துவிட்டுப் போன குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

போன் அடித்தது. மரத்துப்போன வாயோடு அண்ணி பேசினாள். பாதி சொல் காற்றாகத்தான் வந்தது.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு அண்ணி. நீங்க பேசாதீங்க, ரத்தம் வரும்."

"அழுத்தம் எவ்ளோ?"

"எல்லாம் சரியா இருக்கு. நீங்க போனை வைங்க முதல்ல."

போனை வைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இதே மனுஷியிடம், தன் கல்யாணம் முறிந்து ஒரு பையோடு வந்து நின்ற அன்று, சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு ஒரு கேள்வி கேட்டபோது, கேள்வியே கேட்காமல் கொட்டகைச் சாவியை நீட்டியவளிடம், அவள் பொய் சொல்லியிருக்கிறாள். அந்தச் சாவி இப்போதும் இடுப்பில் தொங்கியது.

சாயங்காலம் எண்ணெய் வடிந்தது. வாசனை இல்லை. குடுவையைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துப் பார்த்தாள். உறையவில்லை. உறையேன் என்று மனசுக்குள் அதனிடம் கெஞ்சினாள். அது சிரிக்கிற குழந்தைபோல ஆடிக்கொண்டே இருந்தது.

அண்ணன் தொட்டிக்கரையில் நீளக் கம்பால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கலக்குவதை நிறுத்தவில்லை.

"அப்ப நம்ம குண்டான் கெட்டிக்காரன்னு சொல்லு. நான் அன்னைக்கே சொன்னேன், அது மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுன்னு."

"அண்ணா, விளையாடாதீங்க."

"விளையாடல. எண்ணெய் வருதா, வரலையா?"

"வருது."

"அப்புறம் என்ன? வெள்ளிக்கிழமை அந்த ஒட்டடைக்குச்சி வரும்போதும் வரும்."

"நம்மகிட்ட வரும். அவர் கட்டப்போற புதுக் கலன்ல?"

கம்பு நின்றது. பச்சைத் தண்ணீரில் அது போட்ட சுழல் மெதுவாக அடங்கியது.

"அங்க என்ன வரும்?"

"மெழுகு."

அண்ணன் கரையில் உட்கார்ந்தான். கால்சட்டையில் கையைத் துடைத்தான். துடைத்தது போதாமல் மறுபடியும் துடைத்தான். "நீதான் சொல்லணும் அவகிட்ட," என்றான் கடைசியில். "நான் சொன்னா, எனக்கு ஆரம்பத்துலேருந்தே இதுல நம்பிக்கை இல்லேன்னுதான் எடுத்துப்பா. உண்மையும் அதுதான்னு அவளுக்குத் தெரியும்."

"நான் சொன்னா?"

"உன்னை அவ திட்டுவா. என்னைத் திட்டக்கூட மாட்டா." கம்பைத் தூக்கினான். "திட்டு வாங்குறது எவ்வளவோ மேல், மூக்கி."

*

அண்ணி ஒரு கன்னம் வீங்கி, ஐஸ் சுற்றிய துணியை அதில் வைத்தபடி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பொடி நிறுக்கும் அறையில் உட்கார்ந்திருந்தாள். மூக்கி நின்றுகொண்டே சொன்னாள். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று பட்டது.

அண்ணி குறுக்கிடவில்லை. முடிந்ததும், "முன்ன போட்ட பொடி அடியில தங்கியிருக்கும். சரியா அலசலை நீ," என்றாள்.

"அலசினேன் அண்ணி. ரெண்டாவது தடவை இன்னும் நல்லா அலசினேன். துணி வெள்ளையா வந்துச்சு."

துணி சுற்றிய ஐஸ் மேசைமேல் இறங்கியது.

"ரெண்டாவது தடவையா?"

மூக்கி சட்டைப் பையிலிருந்து பொடிக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இன்னைக்கா? நான் போன்ல கேட்டப்பவா?"

"ஆமா."

"போட்டாச்சுன்னியே."

"சொன்னேன்."

அண்ணி அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்த ஆளை அடையாளம் தெரியாமல் பார்க்கிற பார்வையாக இருந்தது. "மறந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்கும் மறக்கும். என்கிட்ட சொல்லிட்டுப் பண்ணியிருந்தா ரெண்டு பேருமா பண்ணியிருப்போம். எனக்குப் பின்னாடி என் பொடியை நீ பரிசோதனை பண்ணியிருக்கே."

"சரியாத் தெரியாம உங்ககிட்ட வந்து சொல்றதுக்குப் பயமா இருந்துச்சு. உறுதி பண்ணிட்டுச் சொல்லலாம்னு..."

"உறுதி பண்ணிட்டே. சரி." அண்ணி மறுபடி துணியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் குண்டானை யாரும் தொட வேண்டாம். அவர் வரட்டும், பாக்கட்டும், போகட்டும்."

"பொடி போட்டுக் காட்டுவீங்களா?"

"போட்டுத்தான் காட்டுவேன்."

"எண்ணெய் பொடியால வரலைன்னு தெரிஞ்சுமா அண்ணி?"

"எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. பொடியும் செய்யலாம், சுவரும் செய்யலாம், ரெண்டும் சேர்ந்தும் செய்யலாம். போட்ட பொடியில எண்ணெய் வருது. இதுல பொய் எங்க இருக்கு சொல்லு."

பொய் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவளால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. ஆனால் அந்த அறை முழுக்க அது இருந்தது.

"கழுவிட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்," என்றாள் மெல்ல. "ஆசிட் விட்டுச் சுவரைச் சுத்தமாக் கழுவிட்டு, புதுப் பொடி போட்டு ஒரு தடவை..."

"கழுவினா சுவர்ல இருக்கிறது போயிடும். அதுதான் வேலை செய்யுதுன்னா, வெள்ளிக்கிழமை என்னத்தைக் காட்டுறது? என் மூஞ்சியையா?"

தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் கழுவ வேண்டும். கழுவினால் இருப்பதும் போய்விடலாம். மூக்கி மாடிப்படி ஏறினாள். கீழே விளக்கு அணைகிற சத்தம் வரவே இல்லை.

*

காலையில் கொட்டகைக்குள் நுழைந்தபோது மூச்சை அடைக்கும் ஒரு வாடை. எல்லா ஜன்னல்களும் திறந்து கிடந்தன. முட்டிவரை ரப்பர் உடுப்பும் முகத்தில் கண்ணாடிக் கவசமுமாக அண்ணி குண்டானுக்குள் நீர்த்த நைட்ரிக் அமிலத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். வீங்கிய கன்னம் கவசத்தின் ஒரு பக்கத்தை முட்டியது.

மூக்கி கவசம் எடுத்து மாட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள்.

"அவர் முன்னாடி அந்த ரெண்டு பாட்டிலையும் தூக்கிக் காட்டணும்," என்றாள் அண்ணி, அவளைப் பார்க்காமல். "உண்மை தெரியாமத் தூக்கினா கை நடுங்கும். எனக்குத் தெரியும்." அதற்குப் பிறகு அன்று முழுக்க அவள் மூக்கியிடம் பேசவில்லை. குழாயைத் திற, பிடி, ஊற்று என்பதையெல்லாம் கையைக் காட்டியே நடத்தினாள்.

அமிலம் சூடேறுவதற்காகக் காத்திருந்த நேரத்தில், மூக்கிக்கு ஒன்று தோன்றியது. முழுக்கக் கழுவுவதற்கு முன்னால் சுவரின் ஓரத்தில் கொஞ்சமாவது சுரண்டி ஒரு குப்பியில் எடுத்து வைத்தால் என்ன? அது என்ன பூச்சு, எப்படிப் படிந்திருக்கிறது என்று பிறகாவது யாராவது பார்க்கலாமே. வாய்வரை வந்தது. சுரண்டக் கூடாது என்பது அண்ணியின் சட்டம். அண்ணி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்த முதுகிடம் பேச அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. நேற்று பேசிய பேச்சே போதும் என்று வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள். அமிலம் சூடேறியது.

திறந்து வடித்தபோது தண்ணீர் பச்சையாக வந்தது. பாசியின் பச்சை வேறு, இது வேறு. கண்ணாடி வளையலை வெயிலில் பிடித்ததுபோல மெல்லிய, சுத்தமான பச்சை. நிக்கல் கரைந்தால் வருகிற நிறம் அது. வாளி வாளியாக வந்துகொண்டே இருந்தது. இத்தனை வருஷத்துப் பொடியிலிருந்து கரைந்ததெல்லாம் இத்தனை நாளும் சுவரில்தான் இருந்திருக்கிறது. அண்ணி வாளியைக் குனிந்து பார்த்தாள். நிறத்தைப் பார்த்ததும் அவள் தோள் ஒரு அங்குலம் இறங்கியதை மூக்கி கண்டாள்.

குண்டான் உள்ளே வெள்ளியாக மின்னியது. வாங்கிய நாளுக்குப் பிறகு அதை அப்படி யாரும் பார்க்கவில்லை.

புதுப் பொடி நிறுத்து, இந்த முறை அண்ணியே கொட்டினாள். கொழுப்பு, ஹைட்ரஜன், சூடு. சாயங்காலம் இறக்கினார்கள். எண்ணெய் புனலில் சோம்பேறித்தனமாக இறங்கியது. மூக்கி முகர வேண்டியிருக்கவில்லை. மீனும் மெழுகுவர்த்தியும் அறை முழுக்க வந்துவிட்டன.

குடுவை ஆற ஆற, ஓரத்திலிருந்து வெள்ளை படர்ந்தது. ஆனால் முழுக்க உறையவில்லை. நடுவில் குழம்பாக, கஞ்சிபோல நின்றுவிட்டது. அண்ணி கண்ணாடிக் குச்சியால் அதைக் குத்திப் பார்த்தாள். குச்சி சாய்ந்து சாய்ந்து, விழாமல் நின்றது.

பொடி கொஞ்சம் நறுக்கியிருக்கிறது. கொஞ்சம்தான். மிச்சத்தையெல்லாம் சுவர் செய்திருக்கிறது.

*

வெள்ளிக்கிழமை பெயிண்ட்காரர் வந்ததும், அவர் உட்காருவதற்கு முன்பே அண்ணி சொல்லிவிட்டாள். சுற்றி வளைக்கவில்லை. பாட்டில்களைத் தூக்கவில்லை. மூக்கி பொடி போட மறந்ததை "நாங்க மறந்துட்டோம்" என்று சொன்னாள். அந்த "நாங்க" மூக்கியின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அவர் கோபப்படவில்லை. மேசையில் இருந்த கஞ்சிக் குடுவையைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் சாய்த்துப் பார்த்தார்.

"அப்ப பொடியே இல்லாம, சுவர் மட்டுமே செஞ்சிருக்கு. வடிகட்ட வேண்டிய வேலையே இல்லாம."

"ஆமா சார்."

"மேடம், பொடிங்கிறது எங்களுக்குப் பெரிய தலைவலி. ஒவ்வொரு தடவையும் வடிகட்டணும், அடைக்கும், குழாய்ல போகும். சுவரே வேலை செய்யும்னா..." அவர் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் உயர்ந்தது. "அதுதான் எனக்கு வேணும். பொடியைவிட அதுதான் வேணும். சுவரைப் பாக்கலாமா?"

மூக்கிதான் சொன்னாள். "கழுவிட்டோம் சார்."

"முழுசாவா?"

"முழுசா."

"ஒரு ஓரம்? ஒரு சின்னச் சுரண்டல்? எது மேல எது படிஞ்சிருக்குன்னு பாக்க, நகத்தளவு எடுத்து வச்சிருந்தாக்கூடப் போதும்."

"பச்சைத் தண்ணி இருக்கு, டிரம்ல," என்றாள் அண்ணி.

"கரைஞ்சதுல என்ன தெரியும்? நிக்கல்னு தெரியும். அது நமக்கே தெரியுமே." அவர் எழுந்தார். குண்டானுக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகம் அந்தப் பளபளப்பில் நீளமாகத் தெரிந்தது. "உண்மையைச் சொன்னீங்க. ரொம்ப நன்றி. யாரும் சொல்ல மாட்டாங்க." கை கொடுத்தார். வாசல் வரை போய்த் திரும்பினார். "மறுபடி அந்தச் சுவர் உங்களுக்குக் கிடைச்சா, கூப்பிடுங்க."

கார் கிளம்பிப் போனது. அட்டைப்பெட்டிக்காரர்களின் இயந்திரம் டக் டக்கென்று வெட்டிக்கொண்டே இருந்தது.

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வருஷத்துப் பாசியிலும் ஒரு சிட்டிகை, ஒவ்வொரு பொடியிலும் ஒரு சிட்டிகை, பெயர் ஒட்டிப் பாட்டிலில் எடுத்து வைத்திருக்கிறவள் அவள். அலமாரி நிறைய அதுதான். அந்த அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்து வைக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல," என்றாள். "என் பொடி நல்லதா இல்லையான்னு மட்டும்தான் என் மண்டையில ஓடுச்சு. சுவர் எனக்கு அழுக்காத்தான் தெரிஞ்சுது." அலமாரியிலிருந்து கண் எடுக்காமல், "உனக்குத் தோணலையா?" என்று கேட்டாள்.

தோணலை என்று சொல்வது எவ்வளவு சுலபம். ஒரே சொல். அந்த வீட்டில் அவள் இனி நிம்மதியாகச் சாப்பிடலாம், தூங்கலாம்.

"தோணுச்சு அண்ணி."

அண்ணி திரும்பினாள்.

"ஆசிட் சூடாகும்போது தோணுச்சு."

"ஏன் சொல்லல?"

"நீங்க பேசல. அதான்."

அண்ணி மறுபடி அலமாரியைப் பார்த்தாள். வீக்கம் வடிந்த கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். "சொல்ல வேண்டியதைச் சொன்னே, அதுல என் பொடி போச்சு," என்றாள் கடைசியில். "சொல்ல வேண்டியதைச் சொல்லல, அதுல சுவர் போச்சு." திட்டுகிற குரலாக இல்லை. ஒரு கணக்கை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதுபோல இருந்தது. எழுந்து மாடிக்குப் போனாள்.

இரவுச் சாப்பாட்டில் மூவரும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் ஒட்டடைக்குச்சியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. முகங்களைப் பார்த்தே விஷயம் தெரிந்துவிட்டது அவனுக்கு. பாதிச் சாப்பாட்டில் தொண்டையைச் செருமினான்.

"எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். ரெண்டு தொட்டியிலயும் பாசி நல்லாத் திரண்டு நிக்குது. நாளைக்கு வடிச்சாகணும். விட்டா செத்து அடியில உக்காந்துடும், நாத்தம் தாங்காது. வடிக்கட்டுமா, இல்ல தண்ணியத் திறந்து விட்டுடட்டுமா?"

அவன் மனைவியைப் பார்த்தான்.

"என்னை ஏன் கேக்குறீங்க?" என்றாள் அண்ணி, சோற்றைப் பிசைந்தபடி. "அவளைக் கேளுங்க."

அதைக் குத்திக்காட்டிச் சொன்னாளா, பொறுப்பைக் கொடுத்துச் சொன்னாளா என்று மூக்கிக்குப் புரியவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அது தட்டை நோக்கியே இருந்தது. திரும்ப அந்தச் சுவர் படிய எத்தனை காலம் ஆகும், அதே மாதிரி படியுமா, முதலில் அது எப்படித்தான் படிந்தது, இந்த மேசையில் இருக்கும் யாருக்கும் தெரியாது. அண்ணன் வாயில் கவளத்தோடு காத்திருந்தான்.

"வடிச்சிடுங்கண்ணா," என்றாள்.

அண்ணன் மறுபடி மனைவியைப் பார்த்தான். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்தாள்.

"அப்ப காலையில சீக்கிரம் எழுந்திரு," என்றான் அண்ணன் தங்கையிடம். "வடிகட்டித் துணியை நான் ஒருத்தனாப் பிடிக்க முடியாது."